ஹை-எண்ட் கிச்சன் சாமானுக்கு மூணு லட்சம் போடறது வொர்த்தா?

டோல்கேட் வாசி:
தண்டையார்பேட்டைல புது ஃப்ளாட், தை பொறந்ததும் பால் காய்ச்சறோம். வீட்டுக்காரர் ஷோரூம் போய் வந்ததுல இருந்து எல்லாமே டாப் மாடல்தான்னு நிக்கறாரு. பில்ட்-இன் ஹாப் (மேடைக்குள்ள பதிக்கற அடுப்பு), சிம்னி, டிஷ்வாஷர், கதவுல ஸ்கிரீன் வெச்ச ஃப்ரிட்ஜ், இதுக்கு மேல அமெரிக்கால இருக்கற நாத்தனார் ஒரு பெரிய பிளெண்டர் வாங்கி அனுப்பறேன்னு சொல்றாங்க, எல்லாம் கூட்டிப் பார்த்தா மூணு லட்சத்த தொடுது. வீட்ல அஞ்சு பேர். மாமியாருக்கு தினமும் தேங்கா அரைச்ச குழம்பு வேணும், வாரத்துல ரெண்டு நாள் மீன், இட்லி மாவு வீட்லதான். லோன் கட்டிட்டு இருக்கற நேரம், எதுக்கு காசு போடலாம் எதுக்கு வேணாம்னு யூஸ் பண்றவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வியாசர்பாடி மெக்கானிக்:
சிஸ்டர், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர்தான் நம்ம தொழில், அதனால அத்த மட்டும் சொல்றேன். முதல்ல அந்த அமெரிக்கா பிளெண்டர் வேணாம்னு சொல்லிடுங்க. அங்க கரண்ட் 120 வோல்ட், இங்க 230. நேரா சொருகினா மோட்டார் போயிடும், 1400 வாட்ஸ் மிஷினுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வெக்கணும்னா அதுவே மேடைல பாதி இடத்த அடைச்சிக்கும். இன்னொண்ணு, அந்த ஜார் ஜூஸ், ஸ்மூத்தினு தண்ணியா அடிக்கறதுக்கு. கையளவு தேங்காயும் நாலு மிளகாயும் போட்டு கெட்டியா சட்னி அரைக்க நம்ம ஊர் சின்ன ஜார்தான் சரி, பெரிய ஜார்ல போட்டா எல்லாம் சுவத்துல அப்பிக்கும், பிளேடு சும்மா சுத்தும்.

நம்ம ஊர் மிக்ஸில 750 வாட்ஸ் போதும். தினமும் மஞ்சள், காஞ்ச மிளகானு நிறைய அரைக்கறவங்க 1000 போங்க, அதுக்கு மேல குடுக்கற காசு டிசைனுக்குத்தான் போகுது. எங்கிட்ட வர மிக்ஸில பாதிக்கு மேல மோட்டார் நல்லாதான் இருக்கும். ஜாருக்கு அடியில இருக்கற கப்ளர் பல்லு தேய்ஞ்சி கருப்பா தூள் கொட்டியிருக்கும், இல்ல பிளேடு தண்டு சுத்தற ஜார் புஷ் லூசாகி சட்னில கருப்பு எண்ணெய் இறங்கியிருக்கும், இல்ல மோட்டாருக்குள்ள கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ் தீர்ந்து ஓடறப்போ உள்ள நீலமா பொறி பறக்கும். மூணுமே சின்ன செலவு, ஆனா அந்த மாடல் பார்ட்ஸ் கடைல கிடைச்சாதான் சின்ன செலவு. 15,000 ரூபா மிக்ஸிக்கு கப்ளர் கிடைக்காம மாசக்கணக்குல சும்மா வெச்சிருக்கறவங்கள எனக்கு தெரியும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஏரியால சர்வீஸ் சென்டர் இருக்கானு நேர்ல போய் பாருங்க, போன்ல கேட்டா எல்லாரும் இருக்குனுதான் சொல்லுவாங்க.

ராயபுரம் அக்கா:
மெக்கானிக் தம்பி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன்மா. நம்ம பக்கம் கடல் காத்து. கடைல பளபளனு இருக்கற ஸ்டீல் எல்லாம் நம்ம ஜன்னல் ஓரத்துல ஒரு மழைக்காலம் தாண்டினதும் புள்ளி புள்ளியா துரு விடும், அதுவும் ஸ்க்ரூ இருக்கற இடத்துலயும் மூலைலயும்தான் முதல்ல. அதனால ஸ்டீலுக்கு காசு கூட குடுக்கறது எனக்கு சரினு படுது. 304 கிரேடானு கேளுங்க, சீக்கிரம் துரு ஏறாத ஸ்டீல் வகை அது, அதுல நிக்கல் 8 சதவீதம் பக்கம் இருக்கும். காந்தம் வெச்சு ஒட்டலன்னா 304-னு கடைக்காரங்க காட்டுவாங்க, அத நம்பாதீங்க, நிக்கல் கம்மியா இருக்கற 202-லயும் காந்தம் சரியா ஒட்டாது. பில்லுல எழுதி வாங்குங்க.

சிம்னி வாங்குங்க, மீன் வறுக்கற வீட்டுக்கு கண்டிப்பா வேணும். ஆனா பைப் வெளிய போற மாதிரி இருக்கணும். டக்ட் இல்லாத மாடல் கார்பன் ஃபில்டர்ல காத்த சுத்தி திரும்ப வீட்டுக்குள்ளயே விடும், வஞ்சிரம் வறுத்த வாசனை ராத்திரி பெட்ரூம்ல இருக்கும். கை அசைச்சா ஆன் ஆகற சென்சார்லாம் எதுக்குமா, தாளிக்கறப்ப கரண்டி தூக்கினாக்கூட அதுக்கு வேலை.

பெரம்பூர் பக்கம்:
டிஷ்வாஷர் பத்தி யாரும் சொல்லல. உங்க ஃப்ளாட்ல மெட்ரோ வாட்டரா போரானு முதல்ல பாருங்க. டிஷ்வாஷர் உள்ள சாஃப்ட்னர் இருக்கு, அதுக்கு தனி உப்பு போடணும், அது தண்ணில இருக்கற சுண்ணாம்பத்தான் எடுக்கும், போர் தண்ணி உப்பு கரிச்சா அந்த உப்ப எடுக்காது, கழுவி காஞ்சதும் டம்ளர்ல வெள்ளை படியும். மெட்ரோ தண்ணி ஒழுங்கா வருதுன்னா வாங்குங்க. அஞ்சு பேர் வீட்ல பாத்திரம் தேய்க்கறது யார்னு யோசிச்சா அந்தக் காசு எனக்கு பெருசா தெரியல, மூணு லட்சம் லிஸ்ட்ல எனக்கு புடிச்சதே அதுதான்.

ஃப்ரிட்ஜ்ல ஸ்கிரீன தூக்கிப் போட்டுட்டு ஸ்டார் பாருங்க. ஸ்டார் லேபிள்லயே வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருப்பாங்க, ரெண்டு மாடலயும் பக்கத்துல வெச்சு கழிச்சுப் பாருங்க, ஏன்னா ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டிட்டா நமக்கு 101-வது யூனிட்ல இருந்தே ரேட் கூடிடுது. நாள் பூரா ஓடற சாமான் அது ஒண்ணுதான், அதுக்கு குடுக்கற எக்ஸ்ட்ரா திரும்ப வரும்.

டோல்கேட் வாசி:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். அக்கா, 202 விஷயம் தெரியவே தெரியாது. எங்களுக்கு பாத்ரூமுக்கு போர், கிச்சனுக்கு மெட்ரோ வாட்டர், அப்போ டிஷ்வாஷர் இருக்கட்டும். பிளெண்டர், ஸ்கிரீன் ரெண்டும் கட். மாவுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுங்க, 1000 வாட்ஸ் மிக்ஸி வாங்கினா கிரைண்டர் தேவையா?

வியாசர்பாடி மெக்கானிக்:
தேவை சிஸ்டர். மிக்ஸில மாவு சூடாயிடும், பொங்கறதும் கல்லுல ஆட்டின மாதிரி வராது. 2 லிட்டர் டேபிள் டாப் போதும், மோட்டார் 150 வாட்ஸ்தான், அதுல அறுந்து போறது பெல்ட் மட்டும்தான், அது எல்லா கடைலயும் கிடைக்கும். மாமியாரால குண்டானத் தூக்க முடியலன்னா, அப்படியே சாய்ச்சு மாவ எடுக்கற டில்டிங் மாடல் எடுங்க.