நம்ம வீடு குழு: கவினுக்கு ராத்திரி அரிப்பு

செல்வி: அமுதா அக்கா, கவின் கொஞ்ச நாளாக ராத்திரியில் பின்பக்கம் அரிக்கிறது என்று அழுகிறான். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளிகிறது. பயமாக இருக்கிறது.

பெரியம்மா: எந்நேரமும் மிட்டாய் தின்றால் பூச்சி வராமல் என்ன செய்யும்? வேப்பங்கொழுந்தை அரைத்து வெறும் வயிற்றில் கொடு செல்வி.

அமுதா அக்கா: பயப்படாதே செல்வி, அது நூல்புழு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சகஜம்தான். பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து முட்டை போடும், அதுதான் அரிப்பு. சொறிந்த விரலை வாயில் வைத்தால் முட்டை திரும்ப உள்ளே போய்விடும். மிட்டாயால் வருவதில்லை பெரியம்மா. வேப்பங்கொழுந்தை நம்பி இருக்கவும் வேண்டாம். வேப்பெண்ணெயை எந்தக் குழந்தைக்கும் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், வலிப்பில் கொண்டுபோய் விடும்.

செல்வி: பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்களே அக்கா?

அமுதா அக்கா: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். 2015-லிருந்து குடற்புழு நீக்க நாளில் 19 வயது வரை கொடுக்கிறார்கள். முக்கியமாக மண்ணிலிருந்து வரும் புழுக்களுக்காக. அதில் கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகவே ஏறி, ரத்தத்தை உறிஞ்சிப் பிள்ளையைச் சோகை பிடிக்க வைத்துவிடும். நூல்புழுவும் அந்த மாத்திரையில் சாகும், ஆனால் முட்டை சாகாது. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில்.

செந்தில்: எனக்கு அரிப்பே இல்லையே அக்கா, நானுமா?

அமுதா அக்கா: நீயும்தான் தம்பி. நிறையப் பேருக்கு அரிப்பே தெரியாது. நீ விட்டால் உன்னிடமிருந்து கவினுக்குத் திரும்ப ஒட்டும்.

செல்வி: கீதா நாலு மாசக் கர்ப்பம். பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகவில்லை.

அமுதா அக்கா: கீதா தானாகப் போடவே கூடாது, அவள் பார்க்கும் டாக்டரிடம் கேட்கட்டும். பாப்பாவுக்குப் பாதி மாத்திரைதான், பொடித்துத் தண்ணீரில் கலந்து. அதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டுக் கொடு.

அப்புறம் செல்வி, போர்வையை உதறாதே. முட்டை வீடெல்லாம் பறக்கும். அப்படியே சுருட்டி வெந்நீரில் போடு. காலையில் எழுந்ததும் கவினைக் குளிப்பாட்டி ஜட்டியை மாற்று. நகத்தை ஒட்ட வெட்டு.

செல்வி: சரி அக்கா. காலையிலேயே போகிறோம்.

பெரியம்மா: எனக்கும் ஒன்று வாங்கி வா செல்வி.

அமுதா அக்கா: நீங்களும் கூடவே போங்கள் பெரியம்மா. சாப்பிடுகிற மற்ற மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.