எச்டிஆர் வீடியோ வெளுத்துப் போகுதா, ஊதாவா தெரியுதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பார்த்த கேஸ்களைப் போடுங்க

காரிமங்கலம் எடிட்டிங்

முகூர்த்த சீசன்ல ஐஃபோன் கிளிப் கலக்காத கல்யாணம் கம்மி. ஐஃபோன் 12-லேர்ந்து எச்டிஆர்ல (வெளிச்ச வீச்சும் நிறமும் சாதாவைவிட அதிகமா பதியுற முறை) எடுத்தா ஃபைல் டால்பி விஷன் (டால்பியோட எச்டிஆர் வகை) ப்ரொஃபைல் 8.4, அதோட அடித்தளம் எச்எல்ஜி (எச்டிஆர் வெளிச்ச வளைவுல ஒண்ணு). இதை பிடி.709 (சாதா டிவியோட நிறத் தரம், ரெக்.709-ன்னும் சொல்வாங்க) டைம்லைன்ல அப்படியே இழுத்துப் போட்டா சாஃப்ட்வேரைப் பொறுத்து ரெண்டு விதமா கெடும். ஒண்ணு, முகமும் ஜரிகையும் வெந்து வெள்ளையாகும். இல்லன்னா கூரைப் புடவைச் சிவப்பு செங்கல் நிறத்துக்குச் சோர்ந்துபோகும். ரெண்டாவது ரகத்துக்கு சாச்சுரேஷன் ஏத்துறவங்கதான் அதிகம். பிடி.2020 (எச்டிஆரோட அகலமான நிறத் தரம்) எண்களை பிடி.709-ன்னு படிக்கிறதால சாயலே நகர்ந்திருக்கும். ஏத்த ஏத்த பொண்ணு முகம் நலங்கு வெச்ச மாதிரி ஆகுமே ஒழிய புடவை திரும்பாது.

டாவின்ச்சி ரிசால்வ்ல கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டைக் கடைசி நோட்ல (நோட்னா கலர் திருத்தத்துல ஒரு படி) வைங்க. இன்புட் கலர் ஸ்பேஸ் ரெக்.2020, இன்புட் காமா ரெக்.2100 எச்எல்ஜி, அவுட்புட் ரெக்.709, அவுட்புட் காமா 2.4, டோன் மேப்பிங் (எச்டிஆர் வெளிச்சத்தைச் சாதாத் திரைக்கு அடக்குறது) 'டாவின்ச்சி'. எக்ஸ்போஷர் திருத்தத்தை அதுக்கு முன்னாடி நோட்ல செய்யணும். அங்கதான் ஹைலைட் இன்னும் உயிரோட இருக்கும். ஷூட்டுக்கு முன்னாடியே சொல்ல முடிஞ்சா, போன்ல செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ போய் 'எச்டிஆர் வீடியோ'வை ஆஃப் பண்ணச் சொல்லிடுங்க. பாதி வேலை மிச்சம்.

ஓசூர் டிவி சர்வீஸ்

பென்டிரைவ்ல போட்டா முகம் பச்சை, சுவர் ஊதா. பேனல் போச்சுன்னு டிவியைத் தூக்கிட்டு வந்துடுறாங்க. பேனல் நல்லாத்தான் இருக்கும். ஃபைல் டால்பி விஷன் ப்ரொஃபைல் 5. இதுல எச்டிஆர்10 (எச்டிஆர் டிவிங்க பொதுவா படிக்கிற வகை) அடித்தளம் கிடையாது, நிறத்தை வேற முறையில பொதிஞ்சு வெச்சிருப்பாங்க. டால்பி தெரியாத பிளேயர் அதை சாதா வீடியோ நிற முறையான ஒய்சிபிசிஆர்னு நினைச்சுப் பிரிக்கும். பச்சையும் ஊதாவும் அங்கேர்ந்துதான் வருது. டிவி மெனுல எந்தக் கலர் செட்டிங்கைத் திருகினாலும் போகாது.

மீடியாஇன்ஃபோல (ஃபைல் விவரம் காட்டுற சாஃப்ட்வேர்) 'எச்டிஆர் ஃபார்மேட்' வரியைப் பாருங்க. ப்ரொஃபைல் 8.1-ன்னு இருந்தா கவலை இல்ல, டால்பி இல்லாத டிவியும் எச்டிஆர்10-ஆ எடுத்துக்கும். 5-ன்னு இருந்து, டிவி டால்பி விஷன் உள்ளதாவும் இருந்தா எம்கேவி டப்பாதான் (வீடியோவைச் சுத்தின ஃபைல் உறை) தடை. சில டிவி எம்பி4-ல வந்தா மட்டும்தான் டால்பியை அடையாளம் காணும். எஃப்எஃப்எம்பெக்ல (கமாண்ட் அடிச்சு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்) காப்பி மோட்லயே, ரீ-என்கோட் இல்லாம எம்பி4-க்கு மாத்தலாம், 'ஸ்ட்ரிக்ட் அன்அஃபிஷியல்' சேர்க்க மறக்காதீங்க. அது இல்லன்னா டால்பி குறிப்பு புது ஃபைலுக்குள்ள போகாது, ஊதா அப்படியே இருக்கும்.

பாலக்கோடு

அண்ணா, லேப்டாப்ல விஎல்சி 3 போட்டாலும் அதே ஊதாதான் வருது. வேற வழி?

ஓசூர் டிவி சர்வீஸ்

வரும் தம்பி. விஎல்சி 3 எச்டிஆர்10-ஐ டோன் மேப் பண்ணும், ப்ரொஃபைல் 5 அதுக்குத் தெரியாது. எம்பிவி பிளேயர் போடுங்க, கான்ஃபிக்ல 'விஓ' எதிர்ல 'ஜிபியு-நெக்ஸ்ட்'. அந்த ஒரு வரி போதும்.

கிருஷ்ணகிரி எல்இடி வால்

மாங்கனிக் கண்காட்சி ஸ்டேஜோ மண்டப வரவேற்போ, எல்இடி வால்ல கறுப்பு சாம்பலா தெரிஞ்சா உடனே 'எச்டிஆர் ஃபைல்ங்க'ன்னு ஆபரேட்டர் மேல பழி விழும். இதுல ரெண்டு வியாதி இருக்கு, பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். வீடியோவை நிறுத்திட்டு முழுக் கறுப்புப் படம் ஒண்ணைத் திறங்க. அதுவும் சாம்பலா தெரிஞ்சா ஃபைல் மேல குத்தமில்ல, கறுப்பு-வெள்ளைக்கான எண் ரேஞ்ச் பொருந்தல. லேப்டாப் 16-235 அனுப்புது, வாலோட ப்ராசஸர் 0-255 எதிர்பார்க்குது. என்விடியா கார்டுன்னா கன்ட்ரோல் பேனல்ல ரெசல்யூஷன் பக்கத்துலயே 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' இருக்கும், 'ஃபுல்'லுக்கு மாத்துங்க. எச்டிஎம்ஐ கழட்டி மாட்டினா இன்னொரு தடவை பார்த்துக்குங்க, சமயத்துல பழையபடி போயிடும்.

கறுப்புப் படம் சரியா இருந்து வீடியோ மட்டும் வெளிறினா அப்பதான் எச்டிஆர். பிக்யூ வளைவு (எச்டிஆர்10 வெளிச்சத்தை எண்ணாக்குற முறை) 10,000 நிட்ஸ் (வெளிச்ச அளவு) வரைக்கும் கணக்கு வெச்சது. அதைச் சாதா டிவி வளைவான காமான்னு காட்டினா கறுப்பு மேல ஏறி, பளிச்சுன்னு இருக்க வேண்டியது கீழ இறங்கி, எல்லாம் நடுவுல வந்து நிக்கும். மாம்பழ மஞ்சள் மண் நிறமாயிடும்.

நிகழ்ச்சிக்கு வர்ற லேப்டாப்ல விண்டோஸ் எச்டிஆர் ஆஃப்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. விண்டோஸ், ஆல்ட், பி (B) மூணையும் சேர்த்து அழுத்தினா ஆன்-ஆஃப் ஆகும். எஸ்டிஆர் (எச்டிஆர் இல்லாத சாதா) வாலுக்கு அது ஆஃப்ல இருக்கிறதே நல்லது, டோன் மேப்பிங்கை பிளேயர் பார்த்துக்கட்டும்.

பென்னாகரம்

பிளேயர் சரி, ஃபைலும் எச்டிஆர்10, ஆனாலும் வெளுப்புன்னா டேக் தொலைஞ்சிருக்கும். யாராவது ரீ-என்கோட் பண்ணும்போது 10-பிட், பிடி.2020 எண்கள் அப்படியே இருக்கும், 'இது பிக்யூ'ங்கிற குறிப்பு மட்டும் காணாமப் போயிருக்கும். மீடியாஇன்ஃபோல 'டிரான்ஸ்ஃபர் கேரக்டரிஸ்டிக்ஸ்' வரியே இல்லன்னா இதுதான். எம்கேவி ஃபைலைத் திருத்துற எம்கேவிடூல்நிக்ஸ் ஹெடர் எடிட்டர்ல வீடியோ டிராக்கோட கலர் பகுதிக்குப் போய் பிரைமரீஸ் 9, டிரான்ஸ்ஃபர் 16, மேட்ரிக்ஸ் 9 போடுங்க. எச்எல்ஜி ஃபைல்னா டிரான்ஸ்ஃபர் 18. ரீ-என்கோட் தேவையில்ல, சில நொடி வேலை. டப்பா மேல எழுதினதை மதிக்காத பிளேயரும் உண்டு. அதுக்கு எஃப்எஃப்எம்பெக்ல 'எச்இவிசி மெட்டாடேட்டா' பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர்ல (எச்இவிசிங்கிறது வீடியோவைச் சுருக்குற முறை) இதே மூணு எண்ணைக் கொடுத்தா ஸ்ட்ரீமுக்குள்ளயே எழுதிடும். 8-பிட்டுக்குச் சுருக்கின பிக்யூ ஃபைல்ல வானம் பட்டை பட்டையா விழுந்திருந்தா அதை மட்டும் எதாலயும் மீட்க முடியாது, மூல ஃபைலைக் கேளுங்க.

டோன் மேப்பிங்கைச் சோதிக்க ஒகேனக்கல் கிளிப் ஒண்ணு வெச்சுக்குங்க. மதிய வெயில்ல அருவி நுரை, பக்கத்துலயே நிழல்ல கரும்பாறை. நுரையில நூல் பிரியாம மொத்தையா வெள்ளையா இருந்தா ஹைலைட் வெட்டுப்படுது. நுரை தெளிவா இருந்தும் படம் முழுக்க மங்கினா ஃபைல்ல இருக்கிற பீக் (உச்ச வெளிச்சம்) கணக்கு தப்பு. காட்சி 600 நிட்ஸ் தாண்டாது, மெட்டாடேட்டா 4000-ன்னு சொல்லும், பிளேயர் அதை நம்பி மொத்தத்தையும் அமுக்கும். எம்பிவில 'எச்டிஆர் கம்ப்யூட் பீக்' ஆன் பண்ணினா காட்சிக்குக் காட்சி தானே அளந்துக்கும். பழைய ஆன்போர்டு கிராஃபிக்ஸ்ல இதனால திக்கினா ஆஃப் பண்ணிட்டு 'டோன் மேப்பிங்'ல 'பிடி.2390' வைங்க. இன்டெல் 7-ம் தலைமுறைக்கு முந்தின சிப்ல 10-பிட் எச்இவிசி டிகோட் முழுசா ஹார்டுவேர்ல ஓடாது. அங்க திக்கினா அது கலர் பிரச்சனையே இல்ல.

காரிமங்கலம் எடிட்டிங்

வீட்டு டிவிக்கும் சேர்த்து நிரந்தரமா எஸ்டிஆர் ஆக்கித் தரணும்னா எஃப்எஃப்எம்பெக்ல வரிசை முக்கியம்: ஸீஸ்கேல் ஃபில்டர்ல லீனியர் (வளைவை எடுத்த நேரடி வெளிச்ச எண்) ஆக்கி (என்பிஎல் 100), 32-பிட் ஃப்ளோட் ஆர்ஜிபிக்கு மாத்தி, பிரைமரீஸை பிடி.709 ஆக்கி, டோன்மேப் 'ஹேபிள்' (டீசாட் 0), மறுபடி ஸீஸ்கேல்ல பிடி.709, டிவி ரேஞ்ச், கடைசில 8-பிட் 4:2:0. லீனியர் ஆக்காம டோன்மேப் போட்டா கலர் கண்டபடி போகும். ப்ரொஃபைல் 5 ஃபைலுக்கு இந்த வரிசை உதவாது, ஊதாவையே எஸ்டிஆர் ஆக்கித் தரும். அதுக்கு 'லிப்பிளாசிபோ' ஃபில்டர், கிராஃபிக்ஸ் டிரைவர்ல வல்கன் இருக்கணும்.