கோவில்பட்டி அருகே முறிந்த வீல் ஸ்டட்

உறுப்பினர், திருநெல்வேலி

எங்கள் மாருதி ஸ்விஃப்ட் காருக்குச் சென்ற ஆவணியில் நான்கு டயர்களையும் மாற்றினோம். கடையில் வேலை செய்த தம்பி எந்த நட்டையும் கையால் ஏற்றாமல், காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன்னின் சாக்கெட்டில் வைத்து நேரடியாக முடுக்கியதை நான் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தவறு உண்டென்று அன்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து மதுரைக்குப் புறப்பட்டோம். கயத்தாற்றைத் தாண்டியதும் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஓசை வரத் தொடங்கியது. வேகத்தில் அது காற்றின் இரைச்சலில் மறைந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தபோது தெளிவாகக் கேட்டது, ஸ்டியரிங்கிலும் நடுக்கம் தெரிந்தது. கோவில்பட்டிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி வீல் கப்பைக் கழற்றினேன். சக்கரத்தின் துளை வழியே வந்து நட்டை ஏற்கும் திருகுக் கம்பிதான் ஸ்டட்; நான்கு ஸ்டட்டுகளில் ஒன்று முறிந்து, நட்டோடு சேர்ந்து கப்புக்குள் கிடந்தது. இன்னொன்றின் நட்டை விரலாலேயே சுழற்ற முடிந்தது. பின் இருக்கையில் என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் என் கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்து உதவிய மெக்கானிக் அண்ணாச்சி முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதன் மரை (திருகு வரி) ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. நட்டு கோணலாக ஏறியதன் அடையாளம் அது. முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் துருவேறியும், மீதி பளபளப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. துருவேறிய பகுதி பல நாள்களாக விரிந்துவந்த விரிசல் என்றும், பளபளப்பான பகுதிதான் அன்று முறிந்தது என்றும் அவர் சொன்னார்.

நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு இழுபட்டு, இழுத்துவிட்ட சுருள்வில்லைப் போலச் சக்கரத்தை அது பொருந்தும் நடுப்பகுதியான ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் வண்டியின் பாரத்தைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. நட்டு கோணலாக இறுகினால் கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் அந்த அழுத்தம் இருக்காது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, நாளடைவில் களைத்து முறிகிறது. இதை முன்பே அறிந்திருந்தால் அன்று கடையிலேயே தடுத்திருப்பேன்.

உறுப்பினர், கோயம்புத்தூர்

என் அனுபவத்தில் ஏர் கன்னுக்குப் பங்கில்லை. ஹோண்டா சிட்டிக்கு வெளிச்சந்தையில் அலாய் வீல் வாங்கிப் போட்டேன். நட்டுகளோ காரோடு வந்த பழையவை. வாரம் ஒருமுறை இறுக்கியும் மறுபடியும் தளர்ந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு நட்டையும் சக்கரத்தின் துளையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஹோண்டாவின் நட்டில் சக்கரத்தோடு பொருந்தும் பகுதி கோள வடிவில் இருக்கும். நான் வாங்கிய வீலின் துளையோ 60 பாகைக் கூம்பு. இரண்டும் மெல்லிய கோடாக மட்டுமே தொட்டிருந்தன, துளையைச் சுற்றிலும் ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருந்தது. கூம்பு நட்டுகள் வாங்கிப் பொருத்திய பிறகு தளரவே இல்லை.

வாங்கும்போது மரையின் அளவையும் பார்க்க வேண்டும். ஹோண்டாவுக்கு 12 மி.மீ. தடிமனில் மரைகளுக்கிடையே 1.5 மி.மீ. இடைவெளி, மாருதிக்கு அதே தடிமனில் 1.25 மி.மீ. மாற்றிப் போட்டால் முதல் சுற்று ஏறுவதுபோல் ஏறிப் பிறகு சிக்கிக்கொள்ளும். அங்கே பலத்தைக் காட்டினால் இரண்டின் மரையும் போய்விடும்.

உறுப்பினர், மதுரை (பட்டறை நடத்துபவர்)

ஸ்டட் மாற்றுவது பெரிய வேலையன்று, பொறுமையான வேலை. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, முன்சக்கரமானால் பிரேக் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரையும் எடுத்துவிடுவேன். கேலிப்பரை அதன் பிரேக் ஆயில் குழாயில் (ஹோஸ்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைப்பது முக்கியம். ஹப்பைச் சுழற்றிப் பின்புறம் இடைவெளி உள்ள இடத்துக்கு ஸ்டட்டைக் கொண்டுவந்து, சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். சில வண்டிகளில் இடைவெளி போதாது; அங்கே ஹப்பையே கழற்றி, அழுத்தித் தள்ளும் பிரஸ் இயந்திரத்தில் வைத்துத் தள்ள வேண்டும்.

புதிய ஸ்டட்டின் தலைக்கு அடியில் உள்ள வரிப்பற்கள் ஹப்பின் துளையைக் கவ்வ வேண்டும். ஆகவே பழையதை அருகில் வைத்து நீளத்தையும் வரிப்பற்களின் தடிமனையும் ஒப்பிடுவேன். சற்று மெலிந்திருந்தால்கூட நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுழலும், பிறகு வெட்டித்தான் எடுக்க நேரும். முன்பக்கம் நாலைந்து வாஷர் போட்டு, ஒரு பழைய நட்டின் தட்டைப் பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, கை ஸ்பேனரால் மெல்ல இழுத்தால் தலை ஹப்பில் முழுவதும் படியும். இந்த இடத்தில் நான் ஏர் கன் தொடுவதே இல்லை.

சக்கரம் மாட்டுவதற்கு முன் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால், நாளைக்கு அந்தத் துரு உதிர்ந்து நட்டு தளரும். மரையில் கிரீஸ் பூசும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வழுக்கும் மரையில் அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். எல்லா நட்டையும் விரலால் மூன்று சுற்றாவது ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, சக்கரம் தரையில் பட்ட பிறகு, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். ஹோண்டா சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், இன்னோவாவுக்கு 103. உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டில் இருக்கும்.

திருநெல்வேலி ஐயாவுக்கு ஒன்று: முறிந்ததை மட்டும் மாற்றாதீர்கள். மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன. ஏர் கன் ஓடிய மற்ற சக்கரங்களையும் கழற்றிப் பாருங்கள்.

உறுப்பினர், திருநெல்வேலி

நன்றி, ஐயா. அந்தச் சக்கரத்தில் நான்கு ஸ்டட்டுகளையும் மாற்றிவிட்டு, 100 கி.மீ. ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி சோதித்தேன். ஒரு நட்டு மட்டும் சற்று நகர்ந்தது. நீங்கள் சொன்னபடி பின்சக்கரங்களையும் கழற்றினேன். வலப்பக்கத்தில் ஒரு நட்டு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அதிலும் மரை கோணலாகவே ஏறியிருந்தது. அதற்கான ஸ்டட் நாளை வருகிறது. அதுவரை காரை எடுக்கப்போவதில்லை.