நல்ல காரியம்தானே, கடவுளிடம் கேட்க என்ன இருக்கு? – உங்கள் அனுபவம்

பொருநைக்கரை
எங்கள் சபையில் அசனத்துக்கு (எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) ஷெட் போடுகிற கமிட்டி. பணம் சேர்ந்தாச்சு, காண்டிராக்டரும் பேசியாச்சு. "ஜெபித்து முடிப்போம்" என்று ஐயர் (எங்கள் போதகர்) எழுந்தபோது பின்வரிசைப் பாட்டி ஒருவர் கேட்டார்: "எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவரக் கூப்பிடுதியளாய்யா?" எல்லோரும் சிரித்தார்கள். ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. சுருக்கமாக ஜெபித்து உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகைப்பந்தல்
தகரம் போடக்கூட தரிசனம் வேண்டுமா? கேட்காமல் கட்டியதால் ஷெட் இடிந்துவிட்டதா? அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "ஜெபித்துச் சொல்கிறோம்" என்றார்கள். அப்புறம் ஃபோனில், "கர்த்தர் தடை பண்ணிட்டார்." அம்மா வெகுநேரம் ரிசீவரைக் கீழே வைக்கவே இல்லை. நகை போதாது என்பதுதான் தடை என்று பிறகு தெரிந்தது. கேட்டேன் என்று சொல்பவர்களை யார் சோதிப்பது?

பொருநைக்கரை
இடியவில்லை. அதற்கும் பாட்டி கேட்டதற்கும் என்ன சம்பந்தம்?

எஸ்றா_வாசகன்
டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் என் மாமா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வசன அட்டை) ஆபிரகாமுக்குச் சொன்ன "புறப்பட்டுப் போ" வசனம். வீட்டுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார். அத்தை முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சகோதரி மல்லிகைக்கு ஒன்று சொல்கிறேன். பைபிளில் 2 சாமுவேல் 7 வாசியுங்கள். ஆலயம் கட்ட தாவீது ராஜாவுக்கு ஆசை. தீர்க்கதரிசி நாத்தானே, மனதில் உள்ளபடி செய்யும் என்கிறார். அன்று ராத்திரியே வேறு பதில் வருகிறது. ஆசை தப்பில்லை, 1 இராஜாக்கள் 8-இல் அது நல்ல காரியம் என்றே இருக்கிறது. ஆனாலும் கட்டியது அவர் மகன் சாலொமோன். 2 சாமுவேல் 6-இல் ஊசா என்பவன் விழப்போன உடன்படிக்கைப் பெட்டியை, கர்த்தருடைய பரிசுத்தப் பெட்டியை, பிடித்தான், செத்தான். ஆலய ஊழியம் செய்யும் லேவியர் தோளில் வர வேண்டிய பெட்டி, புது வண்டியில் வந்தது. கேகிலா ஊரைக் காப்பாற்றப் போகும் முன் அதே தாவீது கர்த்தரிடம் இரண்டு முறை விசாரித்தான். யோசுவா 9-இல், தூர தேசத்திலிருந்து வந்ததாக நடித்த பக்கத்து ஊர் கிபியோனியரை, பூசணம் பூத்த அப்பத்தைப் பார்த்தே இஸ்ரவேலர் நம்பினார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. ஆகையால் கண்ணை மூடி வேதத்தில் விரல் வைக்காதீர்கள். அட்டையைப் பார்த்து வேலையை விடாதீர்கள். பெரியவர்களிடம் பேசுங்கள், காத்திருங்கள்.

மல்லிகைப்பந்தல்
காத்திருக்கச் சொல்லி நான் கேட்டேனா, பிரதர்?

காங்கேயத்தான்
நான் வேறு பக்கம், ஆனாலும் சொல்கிறேன். நிலம் வாங்க குலதெய்வக் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். குழந்தை எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. அப்பா, "பசங்களுக்காகத்தான வாங்கறேன், இன்னொருக்கா மடிங்க" என்றார். பூசாரி பூவைக் கையில் வைத்துக்கொண்டே, "வெள்ளை வர்ற வரைக்கும் மடிக்கட்டுங்களா?" என்றார். அப்பா பதில் பேசவில்லை. நிலத்தை வாங்கிவிட்டார். கிணற்றில் தண்ணீரும் நன்றாகவே இருக்கிறது. அதுதான் எனக்குக் குழப்பம்.