சாங்ஷன்: தடையா, ஒப்புதலா?

டர்பன்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நான்கு ஊர்களிலிருந்தும் நாம் சேர்ந்து தமிழாக்கும் வரலாற்றுப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘சாங்ஷன்’ (sanction) என்ற ஆங்கிலச் சொல் ஒரே பக்கத்தில் இரட்டை வேடம் போடுகிறது. 1986இல் அமெரிக்க காங்கிரஸ், அதிபர் ரீகனின் வீட்டோவையும் மீறி, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா மீது விதித்தது தடை. அடுத்த பத்தியில் அமைச்சர் ஒரு செலவுக்குச் சாங்ஷன் தருகிறார், அது ஒப்புதல். கணினி இரண்டுக்கும் ‘பொருளாதாரத் தடை’ என்றே போட்டிருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடை. வினையாக வந்தால் செயப்படுபொருளைப் பாருங்கள். செலவு, திட்டம், விடுப்பு என்றால் ஒப்புதல். நாடு, நிறுவனம், ஆள் என்றால் தண்டிப்பு. என் குறை வேறு: ‘பொருளாதாரத் தடை’ பாதிதான் பொருந்தும். 1977இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 418ஆம் தீர்மானம் தடுத்தது ஆயுதத்தை. 1964இல் மூடிய ஒலிம்பிக் கதவு 1992இல்தான் திறந்தது. அதில் பொருளாதாரம் எங்கே? ‘ஒறுத்தாரை ஒன்றாக வையாரே’ என்ற குறள் இருக்கிறதே, ஒறுத்தல் என்றால் தண்டித்தல், ‘ஒறுப்பு’ என்போம்.

சாட்ஸ்வர்த்:
ஐயா, வகுப்பில் எடுபடாது. ர, ற வேறுபாடு இங்கே பிள்ளைகள் வாயில் நிற்பதில்லை. ‘ஒறுப்பு’ என்று சொல்லிக்கொடுத்தால் ‘ஒருப்பு’ என்று எழுதுவார்கள். ஒருப்பாடு என்றால் உடன்பாடு! சாங்ஷன் செய்யும் குழப்பத்தைத் தமிழிலும் ஏன் செய்துவைப்பானேன்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அகராதியில் ‘ஒறுவாய்’ பாருங்கள், உடைந்த விளிம்பு. ஒறு என்பதன் அடிக்கருத்தே முறிப்பதுதான் என்பேன். வணிக உறவை முறிப்பதற்கு இதைவிட...

ஜோகன்னஸ்பர்க்:
ஒறுவாய்ப் பானையை அப்புறம் அடுப்பிலேற்றலாம். ‘விலக்கு’ இருக்கிறதே! மதுவிலக்கில் தடுக்கிறது, வரிவிலக்கில் விட்டுவிடுகிறது. சாங்ஷனும் அப்படித்தான். லத்தீன் மூலத்துக்கு, மீறக்கூடாதென ஆணையால் நிலைநிறுத்துவது என்று பொருள். ஆணைக்குத் தரும் ஏற்பும் மீறினால் விழும் தண்டமும் அதில் கிளைத்தவை.

சாட்ஸ்வர்த்:
ரசித்தேன், ஏற்கமாட்டேன். வரிவிலக்கு கடமையிலிருந்து விடுவிப்பது, ஒப்புதல் அன்று. அமைச்சர் செலவை விலக்கினார் என்றால் காசு வராது.

ஜோகன்னஸ்பர்க்:
அப்படியானால் ‘தண்டத்தடை’?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தண்டம் வடசொல்.

சாட்ஸ்வர்த்:
வடசொல் போகட்டும், தண்டச்சோறுதான் நினைவுக்கு வரும். பயனில்லாத தடை என்று படிப்பார்கள்.

டர்பன்:
நேரமில்லை. தண்டிப்புப் பொருளுக்கு ‘தடை நடவடிக்கை’. முன்னால் ஆயுதம், விளையாட்டு, வணிகம் எதையும் சேர்க்கலாம். தென்னாப்பிரிக்க இந்தியரான நம் நிலவுரிமையில் கைவைத்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி இந்தியா செய்தது ‘வணிகத் தடை’. அமைச்சர் தருவது ‘ஒப்புதல்’. மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
சாலையில் கிடக்கும் கல்லும் தடைதான். தண்டிக்கும் நோக்கம் அந்தச் சொல்லில் எங்கே? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

டர்பன்:
இருக்கட்டும் ஐயா. அடுத்த தாளில் ‘பாய்காட்’ வருகிறது. பகிஷ்காரமா புறக்கணிப்பா என்று இப்போதே தொடங்கிவிடாதீர்கள்.