‘பிசானம் அறுத்ததும் தந்திருதேன்’: சொந்தத்தில் கொடுத்த கடனும் வருகிற சந்தேகமும்

அம்பாசமுத்திரம், நெல் வியாபாரி:

கடன் வாங்கின சொந்தக்காரர் ஏமாத்துகிறாரா, நிஜமாகவே கையில் இல்லையா என்று குழம்புகிறவர்கள் அவர் சொல்கிற தவணையை முதலில் உரசிப் பாருங்கள். நம்ம பக்கத்தில் தவணைக்கு ஒரு பஞ்சாங்கமே உண்டு. கார் (முதல் நெல் போகம்) அறுத்ததும், பிசானம் (அடுத்த போகம்) அறுத்ததும், கோவில் கொடை முடிஞ்சதும், மகன் மும்பைல இருந்து அனுப்பினதும். இதில் பாதியை வீட்டுத் திண்ணையில் இருந்தே சரிபார்த்துவிடலாம்.

கார் அறுவடை புரட்டாசி வாக்கில். அதற்கு ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவம் ஏமாற்றின வருஷம் காருக்குத் தண்ணீரே கிடைக்காது. அவர் வயல் கன்னடியன் கால்வாயா, கோடகனா, பாளையங்கால்வாயா என்பது சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நடவே விழாத பூவுக்கு (போகத்துக்கு) அறுவடைத் தவணை சொல்கிறார் என்றால் அடுத்த தவணையை நம்ப வேண்டாம்.

பிசானம் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வரும். ஏக்கருக்கு இரண்டரை டன் கண்டால் நல்ல விளைச்சல். இப்போதைய கொள்முதல் விலைக்கு அறுபதாயிரம் சில்லறை. அதில் உழவு, நாற்று, உரம், அறுவடை மிஷின் வாடகை என்று பாதி போய்விடும். ஒரு ஏக்கர்க்காரர் ஒரே பூவில் ஒன்றரை லட்சம் அடைக்கிறேன் என்றால் கணக்கு உதைக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். பாதிப் பேர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிற ஆட்கள். அவர்களிடம் ‘மொத்தமா எப்ப?’ என்று கேட்டால் காலம் முழுக்க ‘அடுத்த பூ’தான். ‘பூவுக்கு இருபதாயிரம்’ என்று பேசினால் ஏதாவது நகரும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கே வரும். ‘நெல்லு போட்டாச்சு, காசு இன்னும் ஏறல’ என்று ஒரு வாரம் சொன்னால் சரி. சித்திரை விசுவுக்கும் அதையே சொன்னால் பாஸ்புக்கைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

திருநெல்வேலி டவுண், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

பாஸ்புக்கை விடுங்கள், இப்போது ஸ்கிரீன்ஷாட் காலம். ‘மாமா, அனுப்பிட்டேன், பாருங்க’ என்று ஒரு படம் வரும், பணம் வராது. யுபிஐ என்றால் அந்தப் படத்தில் 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும். அந்த எண் உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருக்கிற இடத்தை வெட்டிவிட்டு, பச்சை டிக் மட்டும் தெரிகிற மாதிரி அனுப்பின படத்துக்கு மதிப்பே கிடையாது. ‘முழு படத்தை அனுப்பு மாப்ள’ என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

‘ஞாயித்துக்கிழமை, பேங்க் லீவு, அதான் ஏறல’ என்பது பழைய சாக்கு. 2019 டிசம்பரில் இருந்து நெஃப்ட் என்கிற வங்கிப் பரிமாற்றம் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு தொகுப்பு. 2020 டிசம்பரில் இருந்து பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படித்தான். இல்லாத கணக்கு எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தால் பணம் அவர் கணக்குக்கே திரும்பியிருக்கும்; அந்த எண் வேறு ஒருவருடையது என்றால் அந்த ஆள் கணக்குக்குப் போயிருக்கும். ‘நடுவுல நிக்கி’ என்று மாதக்கணக்கில் எங்கேயும் நிற்காது.

கொடுக்கிறபோதும் வங்கி வழியாகவே கொடுங்கள். அனுப்பும்போது குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ‘கைக்கடன்’ என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். பிற்பாடு சொந்தத்தில் வருகிற முதல் வாதமே ‘அது கல்யாணத்துக்குச் சீரா செஞ்சதுல்லா, கடன்னு யாரு சொன்னா?’ என்பதுதான். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. அதில் அபராதம் கடன் வாங்கினவர் தலையில்தான் விழும்.

பாளையங்கோட்டை, ஆவண எழுத்தர்:

சந்தேகம் வந்ததும் எல்லாரும் சண்டைக்குப் போகிறார்கள். அலமாரியைத் திறந்து, கடனுக்கு எழுதி வாங்கின நோட்டின் தேதியைப் பார்க்கிறவர் நூற்றுக்கு ஒருவர். கைக்கடனுக்கும் ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதின பிராமிசரி நோட்டுக்கும் காலக்கெடு மூன்று வருஷம். கடைசியாக வாய்தா சொன்ன நாளில் இருந்து எண்ணுகிறார்கள், தப்பு. கடன் கொடுத்த நாள், நோட்டு எழுதின நாள், அதுதான் கணக்கு. ஏமாற்றத் தெரிந்த ஆளுக்கு இந்தத் தேதி நம்மைவிட நன்றாகத் தெரியும். இரண்டே முக்கால் வருஷம் வரைக்கும் இனிக்க இனிக்கப் பேசுவார். மூன்று வருஷம் முடிந்த மறுவாரம் போனை எடுக்க மாட்டார். என் மேஜைக்கு வருகிற நோட்டுகளில் வருத்தமானது இந்த வகைதான்.

12-05-2023 தேதியிட்ட நோட்டு என்று வையுங்கள். 12-05-2026க்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன்பு அவர் கையால் ஒரு வரவு வாங்கிவிட்டால் அந்த வரவுத் தேதியில் இருந்து புதிதாக மூன்று வருஷம். 03-03-2025ல் ஐயாயிரம் கட்டி வரவு வைத்தால் 03-03-2028 வரை நோட்டுக்கு உயிர் உண்டு. நோட்டின் பின்பக்கம் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘இந்த நோட்டின் அசலில் இன்று 03-03-2025ல் ரூ.5,000 (ரூபாய் ஐயாயிரம் மட்டும்) ரொக்கமாகச் செலுத்தி வரவு வைத்திருக்கிறேன்.’ கீழே கடன் வாங்கினவர் கையெழுத்து. கடன் கொடுத்தவரே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட வரவுகள் நிறைய வருகின்றன. அவற்றால் கெடு ஒரு நாள்கூட நீளாது.

இன்னொரு கண்ணி. மே மாதம் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கெடு விடுமுறைக்குள் முடிந்தால் கோர்ட் திறக்கிற முதல் நாளில் வழக்கைத் தாக்கல் செய்யலாம். அந்தச் சலுகை வரவுக்குக் கிடையாது. வரவு கெடுவுக்குள்ளேயே வாங்கியிருக்க வேண்டும். கெடு தாண்டிவிட்டது என்றால் ஒரே வழி, ‘பழைய கடனை இன்ன தொகை தருகிறேன்’ என்று அவர் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது. ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்கிறது. ஏமாற்ற நினைத்தவர் அதை எழுதித் தரமாட்டார், அது வேறு.

நோட்டு எழுதும்போது கெடுகிற இடங்கள்:

ரெவின்யூ ஸ்டாம்பு. தபால் நிலையத்தில் கிடைக்கிற ஒரு ரூபாய் வில்லை போதும். கையெழுத்து பாதி வில்லையில், பாதி தாளில் விழ வேண்டும். வில்லை ஒட்டாத நோட்டைப் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. மற்ற பத்திரங்களுக்கு உள்ள அந்த வழி பிராமிசரி நோட்டுக்கு அடைப்பு.

‘தங்களிடமோ தங்கள் உத்தரவு பெற்றவரிடமோ’ என்ற சொற்கள். அச்சடித்த படிவத்தில் இருக்கும். வெள்ளைத்தாளில் கையால் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் சாட்சிக் கையெழுத்தும் இருந்தால் எதிர்த்தரப்பு ‘இது நோட்டு இல்லை, பாண்டு (கடன் பத்திரம்), முத்திரைத் தீர்வை போதாது’ என்று கிளப்பும்.

வட்டி. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 12, இதுதான் இங்கே நோட்டில் எழுதுகிற வழக்கம். ‘மூணு வட்டி’, ‘அஞ்சு வட்டி’ என்று வாயால் பேசி வாங்கிக்கொண்டிருந்தவர்மேல் அந்தச் சொந்தக்காரரே கந்துவட்டிப் புகார் கொடுக்கலாம். அதற்கென்று 2003ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு இந்த மாவட்டத்தில் அந்தப் புகாரை யாரும் லேசாக எடுப்பதில்லை. எடுக்கவும் கூடாது.

நோட்டு முழுவதையும் கடன் வாங்குகிறவர் கையாலேயே எழுத வையுங்கள். ‘ஒப்புக்கு ஒரு கையெழுத்துதான் போட்டேன், மீதியை அவங்க நிரப்பிட்டாங்க’ என்ற பேச்சுக்கு அப்போது இடமில்லை.

கடையம் பக்கம், மகளிர் குழு பொறுப்பாளர்:

அண்ணாச்சிமார் எல்லாரும் நோட்டு, செக்குன்னு பேசுதீங்க. பொம்பளைங்க கொடுக்கிற கடன் பாதி நகைதான். ‘மைனி, அந்த ஆரத்தைக் குடுங்க, ஒரு வருஷத்துக்கு அடகு வச்சுட்டு மீட்டுத் தாரேன்’னு கேட்டு வருவாங்க. நாலு விஷயம் சொல்லுதேன்.

அடகு யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் பேங்க்ல நகையைத் தருவாங்க. அவங்க பேர்ல வச்சிட்டா வட்டி கட்டலைன்னாலும் ஏல நோட்டீஸ் அவங்க வீட்டுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. உதவுறதா இருந்தா நீங்களே போய் உங்க பேர்ல வச்சுப் பணத்தைக் கொடுங்க. அடகுச் சீட்டு உங்க பீரோவுல இருக்கணும்.

அவங்க பேர்லயே வச்சாச்சுன்னா சீட்டைப் படம் பிடிச்சு வச்சுக்கோங்க. மொத்த எடை, கல் நீக்கின எடை, கடன் தொகை, கெடு தேதி நாலும் தெரியணும். வருஷம் முடியுற சமயம் ‘திருப்பி வச்சாச்சு’ன்னு சொல்லுவாங்க. அப்பப் புதுச்சீட்டைக் கேளுங்க. ஏன்னா பவுன் விலை ஏறியிருக்கும், அதே நகைக்குக் கூடுதலா எடுத்திருப்பாங்க. பழைய சீட்டுல எண்பதாயிரம், புதுச்சீட்டுல ஒண்ணே கால் லட்சம்னா நடந்தது என்னன்னு அதுலயே எழுதியிருக்கு.

‘பீடிக் கம்பெனி பி.எஃப். வந்ததும் தாரேன்’னா மனு போட்ட நம்பரைக் கேளுங்க. மனு போட்ட ஆளு போன்லயே நிலவரம் பாத்துரலாம். ஆறு மாசமா ‘வரும், வரும்’னா மனு போட்டாங்களான்னே சந்தேகம்தான்.

உங்க பேர்ல குழுக் கடன் எடுத்து நாத்தனாருக்கோ கொழுந்தியாளுக்கோ கொடுத்திருந்தா ரொம்பக் கவனம். கடன்காரி நீங்கதான், சட்டத்துக்கு அவங்களைத் தெரியாது. ‘கட்டிட்டேன்’ங்கிற வார்த்தையை எடுத்துக்காதீங்க, தவணை அட்டையில முத்திரை விழுந்திருக்கான்னு பாருங்க. சிபில் மாதிரி ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை உங்க கடன் அறிக்கையை இலவசமாத் தரணும். அதுல பாக்கி நின்னா பளிச்சுன்னு தெரியும்.

பாளையங்கோட்டை, வக்கீல் குமாஸ்தா:

செக் வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு நாள் கணக்கு. செக்கில் போட்ட தேதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாள் அவகாசம். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். ‘நம்ம மச்சான்தானே, பொங்கல் கழிச்சுப் பாப்போம்’ என்று 30 நாளைத் தாண்டினவர்கள் கெடு இருந்தால் மறுபடி செக்கைப் போட்டுத் திரும்ப வைக்கத்தான் ஓடுகிறார்கள்.

சொந்தக்காரர் சென்னையிலோ தாராவியிலோ இருக்கிறார் என்று தயங்க வேண்டாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் கணக்கு இருக்கிற கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில் வழக்கு நடக்கும். செக்கை நெல்லைக் கிளையில் உங்கள் கணக்கில் போட்டால் அவர்தான் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.

நோட்டீஸில் செக் தொகையைத் தெளிவாகக் கேளுங்கள். வட்டியையும் மனவருத்தத்தையும் கலந்து ஒரே தொகையாக எழுதினால் அதை வைத்தே தப்பிப்பார்கள். இரண்டு லட்சம் செக் கொடுத்த பிறகு ஐம்பதாயிரம் திருப்பித் தந்திருந்தால், முழு இரண்டு லட்சத்துக்குச் செக்கைப் போடுவது உங்கள் காலில் நீங்களே போட்டுக்கொள்ளும் கோடாலி. வந்த தொகையைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்குப் போட வேண்டும், அல்லது புதுச் செக் வாங்க வேண்டும். 2025ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். சரியான முகவரிக்கு அனுப்பி ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். அதுவே சாட்சி.

‘கையில ஒண்ணுமில்ல’ என்கிறவர் இன்னொரு பக்கம் நிலத்தைக் கைமாற்றுகிறாரா என்று பார்க்க வில்லங்கம் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் காசில்லாமலே பார்க்கலாம். கடன் வாங்கின பிறகு மனைவிக்கோ மகனுக்கோ செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி பத்து வருஷப் பேச்சுக்குச் சமம். வழக்கோடு சேர்த்து, தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்க அதுதான் ஆதாரம்.

போலீசில் மோசடி என்று கொடுக்கப் போகிறவர்களுக்கு: வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். வாங்கிவிட்டுத் தரவில்லை என்பது மட்டும் இருந்தால் ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்றுதான் திரும்பும். கோர்ட் கட்டணம் தொகையில் நூற்றுக்கு 3. அதைக் கட்டுமுன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) உட்கார வைக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்தானால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

அம்பாசமுத்திரம், நெல் வியாபாரி:

கோர்ட்டுக்கு முன்னால் குலதெய்வமான சாஸ்தா கோவிலை விட்டுட்டீங்களே. பங்குனி உத்திரத்துக்கு எவ்வளவு மனஸ்தாபம் இருந்தாலும் சொந்தம் பூராவும் அங்கே வந்தாகணும். பெரியவர்களை வைத்துப் பேச அதைவிட நல்ல நாள் கிடையாது.

பாளையங்கோட்டை, ஆவண எழுத்தர்:

பேசலாம், ஆனால் சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்களே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. சாஸ்தா முன்னால் சூடம் அடித்தாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். போகும்போது நோட்டையும் ஒரு பேனாவையும் கொண்டு போங்கள். பெரியவர் முன்னிலையில் ஆயிரம் ரூபாயாவது வாங்கி வரவு வைக்கச் சொல்லுங்கள். ‘வரவு வச்சா உனக்குத்தான் கணக்குக் குறையும்’ என்று பெரியவர் சொன்னால் நேர்மையான ஆள் மறுக்கமாட்டார். அத்தனை பேர் முன்னால் மறுக்கிறவருக்கு அடுத்த வாரமே நோட்டீஸ் அனுப்பலாம்.

பணம் முழுதும் வந்துவிட்டால் அசல் நோட்டின் குறுக்கே கோடு கிழித்து, ‘முழுத்தொகையும் வந்து பைசலானது’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, வில்லையையும் அடித்து, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடகாக வாங்கின வெற்றுச் செக் இருந்தால் அதையும் சேர்த்து.