காயகல்ப் விருது வாங்கின ஆஸ்பத்திரியில ராத்திரி டாக்டர் இருக்கணுமா, வேண்டாமா?

தாமரைக்குளம்
எங்க ஒன்றியத்து 30 படுக்கை ஆஸ்பத்திரி வாசல்ல புதுப் பலகை மாட்டியிருக்காங்க. அரசு ஆஸ்பத்திரிங்க சுத்தத்துக்கு மார்க் போட்டுக் கொடுக்கற காயகல்ப் விருது, தேசியத் தரச் சான்று ரெண்டும் வாங்கியாச்சாம். பேப்பர்லயும் போட்டோ வந்துச்சு. போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு மாமனாருக்கு மூச்சுத்திணறல்னு அங்கதான் ஓடினோம். டாக்டர் இல்ல, ஒரே ஒரு நர்ஸம்மா. ஆக்சிஜன் வெச்சு, 108-க்கு அவங்களே போன் போட்டு, ஜி.எச்.க்கு ஏத்திவிட்டாங்க. மாமனார் இப்ப நல்லா இருக்கார். அந்தம்மா மேல எனக்குக் கோபமே இல்ல, கையெடுத்துக் கும்பிடணும். நான் கேக்கறது இதுதான்: மார்க் போட வந்தவங்க ராத்திரி பதினோரு மணிக்கு வந்து பார்த்தாங்களா? இந்த விருதால நோயாளிக்கு என்ன பிரயோஜனம்?

முறுக்குமீசை
பிரயோஜனம் இல்லாம என்ன, பெயின்ட் கடைக்காரருக்கு இருக்கே. இன்ஸ்பெக்ஷன் வாரம் எப்படியிருக்கும்னு ஊருக்கே தெரியும். பூந்தொட்டி வரும், புது பெட்ஷீட் வரும், சுவர்ல கை கழுவுற படம் வரும். மார்க் போட வந்த அசெஸர் வண்டி ஏறினதும் பெட்ஷீட் பீரோவுக்குப் போயிரும்.

ஸ்டாஃப்நர்ஸ்_அக்கா
மீசைத் தம்பி, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே (பி.எச்.சி.) இருக்கறவ. காயகல்ப் 2015-ல மாவட்ட ஆஸ்பத்திரிங்களுக்கு வந்தது, அப்புறம்தான் எங்களுக்கு. அதுக்கு முன்னாடி எங்க லேபர் ரூம் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பிரசவ வலியில இருக்கற பொண்ணு உள்ள போனா, வெளிய மாமியார் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. எத்தனை லெட்டர் எழுதினாலும் 'பார்க்கலாம்'தான் பதில். செக்லிஸ்ட்டுல அந்த வரிக்கு சீரோ விழும்னு குறைப் பட்டியல் போட்டு சுகாதாரத் துணை இயக்குநர் (டி.டி.) ஆபீசுக்கு அனுப்பினோம். ஒரே வாரத்துல தச்சர் வந்து நின்னார். ஊசி வெட்டுற மெஷின், கழிவைப் பிரிச்சுப் போட சிவப்பு மஞ்சள் நீலம்னு தனித்தனி பக்கெட், ரத்தம் சிந்தினா துடைக்க ஸ்பில் கிட், எல்லாம் அந்த வழியில வந்ததுதான். எங்க பேச்சை எவனும் கேக்கல, மார்க்கு பேசினா கேட்டாங்க. இதை பெயின்ட்டுன்னு சொல்லாதீங்க.

முறுக்குமீசை
அக்கா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா தாழ்ப்பாள் போட ஒரு தேசிய விருது வேணும்னா சிஸ்டம் எவ்வளவு கேவலமா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் அந்தக் கையேட்டைப் படிச்சவன். மாவட்ட மருத்துவமனைக்கு முதல்ல போட்டதுல மொத்தம் 500 மார்க். அதுல தோட்டம் பராமரிப்புக்கு 10. டாக்டரும் நர்சும் ஒழுங்கா கை கழுவுறாங்களாங்கறதுக்கும் அதே 10. செம்பருத்தியும் கிருமியும் ஒரே விலை!

ஸ்டாஃப்நர்ஸ்_அக்கா
பாதியைப் படிச்சுட்டுப் பேசக் கூடாது. அதே 500-ல கழிவு மேலாண்மைக்கு 100, தொற்றுத் தடுப்புக்கு 100. தோட்டத்துக்குக் கிடைக்கிற பத்தை வெச்சு யாரும் விருதுக்கு வேண்டிய 70 சதவீதத்தைத் தாண்ட முடியாது. நாயும் மாடும் வார்டுக்குள்ள வராம தடுக்கவும் மார்க் இருக்கு, அதையும் கிண்டல் பண்ணுங்க. பச்சைக் குழந்தை படுத்திருக்கற வார்டுல நாய் நுழைஞ்சதைப் பார்த்தவங்க கிண்டல் பண்ண மாட்டாங்க.

பழைய_கம்பவுண்டர்
நண்பர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருந்தகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு வேறு கவலை. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2001-03இல் 134. 2011-13இல் 79. 2018-20இல் 54. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின் எண்கள் இவை. பெரிய இறக்கம் காயகல்ப் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. எதனால்? 1994இல் மருந்துக் கொள்முதலுக்கென்று தனிக் கழகம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க செவிலியர்கள் மூவர் நியமிக்கப்பட்டார்கள். 2008இல் 108 வந்தது. சிசேரியனும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் சீமாங்க் மையங்கள் வந்தன. ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஏன் என்று கேட்டுத் தணிக்கை செய்தார்கள். இதில் எதற்கும் கேடயம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆள், மருந்து, வண்டி, ரத்தம் இவற்றைக் கொடுத்தார்கள். விருது கொடுப்பது மலிவு. பணியிடத்தை நிரப்புவதுதான் செலவு. அரசுகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ட்யூட்டி_டாக்டர்
கம்பவுண்டர் சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தேசியத் தரச் சான்றுக்கு வர்றவங்க சும்மா சுவரைப் பார்த்துட்டுப் போறதில்ல, அது தப்பான பேச்சு. நேர்ல பார்ப்பாங்க, ஸ்டாஃபைக் கேள்வி கேப்பாங்க, ரிஜிஸ்டரைப் புரட்டுவாங்க, நோயாளிகிட்டயும் பேசுவாங்க. ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2-ன்னு மார்க். எட்டுப் பிரிவு, நோயாளி உரிமையிலருந்து சிகிச்சை முடிவு வரைக்கும். சான்று மூணு வருஷத்துக்குத்தான், அப்புறம் மறுபடி தேர்வு. காகிதத்துல இது நல்ல கருவி.

சிக்கல் நடைமுறையில. வர்ற தேதி முன்னாடியே தெரியும். ராத்திரி ஷிஃப்ட்டுல ஒரே நர்ஸ்னா, அவங்களே பிரசவம் பார்க்கணும், அவங்களே பார்ட்டோகிராஃப் வரையணும், ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சரும் அவங்களே எழுதணும். பார்ட்டோகிராஃப்ங்கறது வலி வந்த தாய்க்குக் கருப்பைவாய் எவ்வளவு விரியுது, குழந்தையோட இதயத்துடிப்பு என்னன்னு நேரத்துக்கு நேரம் புள்ளி வெச்சுப் போடுற படம். அதுல இருக்கற எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். உயிரைக் காப்பாத்துற தாள் அது. அதைக் குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து வரைஞ்சா ரிஜிஸ்டர் அழகா இருக்கும், பலன் பூஜ்யம். எத்தனை இடத்துல அப்படி நடக்குதுன்னு இந்தத் துறையில இருக்கறவங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

தாமரைக்குளம் கேட்டதுக்கு: ஆள் பலமும் செக்லிஸ்ட்டுல வருது. ஆனா பல நூறு வரிக்கு நடுவுல அது சில வரி. பணியிடம் காலியா இருக்கறதுக்கு விழற சீரோவை வேற இடத்துல தேத்திக்கலாம். அது ஆஸ்பத்திரி ஆளுங்க கையில இல்லாத விஷயம்ங்கறதும் உண்மை.

ஸ்டாஃப்நர்ஸ்_அக்கா
டாக்டர் சொல்றதை மறுக்கல. ஆனா கம்பவுண்டர் ஐயா, தாய் இறப்பைக் குறைக்கிறோம்னு காயகல்ப் எப்ப சொல்லுச்சு? அது சுத்தத்துக்கு. பிரசவ அறைக்குன்னு 2017 டிசம்பர்ல லக்ஷ்யாங்கற திட்டம் தனியா வந்தது. 70 சதவீதத்துக்கு மேல மார்க் எடுத்தா சில்வர், 80-க்கு மேல கோல்டு, 90-க்கு மேல பிளாட்டினம்னு பேட்ஜ். அந்தப் பேட்ஜுக்காகத்தான் ஒவ்வொரு பிரசவ மேஜைக்கும் நடுவுல திரை போட்டாங்க, கூட ஒரு பொம்பளையாள் நிக்கலாம்னு விட்டாங்க. 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்கற மாநிலத்துல, உள்ள வந்தவளை அதட்டாம, அடிக்காம, மறைவா வெச்சுப் பார்த்தாங்களான்னு யார் கேக்கறது? இறப்புக் கணக்கு அதைச் சொல்லாது ஐயா.

பழைய_கம்பவுண்டர்
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி அம்மா. அதட்டல் குறைந்ததா என்பதை அசெஸரிடம் கேட்பதைவிட அந்தத் தாய்மார்களிடம் ஊரில் போய்க் கேட்க வேண்டும் என்பேன். கட்டிலில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் நர்ஸ் நிற்கும்போது, 'நல்லா பார்த்துக்கறாங்க'ன்னு சொல்லாமல் வேறு என்ன சொல்லுவாள்?

மழைநாட்டுக்காரன்
இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன். இங்க எல்லாருக்கும் பாடமா சொல்ற கதை ஒண்ணு. ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியை நடத்தின டிரஸ்டுக்கு 2008 பிப்ரவரியில 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' தகுதி கொடுத்தாங்க. நல்லா நடத்தற நிர்வாகத்துக்குத்தான் அந்தத் தகுதி, தன் விருப்பப்படி செலவு பண்ற சுதந்திரமும் கூடவே வரும். அதே நேரத்துல வார்டுல வயசானவங்க குடிக்கத் தண்ணி கிடைக்காம, அழுக்குத் துணியிலயே கிடந்தாங்க. 2009 மார்ச்சுல ஆஸ்பத்திரிங்களைக் கண்காணிக்கிற ஹெல்த்கேர் கமிஷனோட அறிக்கை வந்து நாறுச்சு. 2013-ல ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 290 பரிந்துரை கொடுத்தது. அந்தத் தகுதிக்காகச் செலவைக் குறைக்கப் போய் ஆளைக் குறைச்சதும் காரணம்னு விசாரணையில வந்தது. விஷயத்தை வெளிய கொண்டுவந்தது செத்துப்போனவங்களோட குடும்பங்கள்தான்.

முறுக்குமீசை
அப்படிப் போடு!

ஸ்டாஃப்நர்ஸ்_அக்கா
தம்பி, அங்க ஆளைக் குறைச்சாங்க. எங்களுக்கு முதல்ல ஆளே கொடுக்கல. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அதோட இங்க சான்று வாங்கினா காசைப் பிடுங்கறதில்ல, கொடுக்கறாங்க. தரச் சான்று இருந்தா படுக்கைக்கு வருஷம் 10,000 ரூபாய். 30 படுக்கைன்னா 3 லட்சம். எங்களுக்கு அது இன்வர்ட்டர் பேட்டரி.

செல்வி_நெய்வேலி
இவ்வளவு நேரமா படிச்சுட்டே இருக்கேன், ஒருத்தரும் சொல்லலையே. எங்கம்மா ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஒப்பந்தத்துல துப்புரவு வேலை பார்க்கறாங்க. ஊர் பேர் வேண்டாம். காயகல்ப் பணத்துல 75 சதவீதம் ஆஸ்பத்திரி வேலைக்கு, 25 சதவீதம் வேலை பார்த்த ஆளுங்களுக்கு ஊக்கத்தொகைன்னு விதி. 500 மார்க்குல பாதிக்கு மேல எங்கம்மா மாதிரி ஆளுங்க கையால வந்தது. கக்கூஸ் கழுவினது, ரத்தத் துணி பிரிச்சது, மஞ்சள் பையைக் கட்டினது. பங்கு பிரிக்கும்போது 'நீ கம்பெனி ஆளு, லிஸ்ட்ல வரமாட்டே'ன்னுட்டாங்க. விருது வாங்கின அன்னிக்குப் போட்டோவுக்கு மட்டும் புது கிளவுஸ் கொடுத்து நிக்க வெச்சாங்க.

ட்யூட்டி_டாக்டர்
இது நியாயமே இல்ல. ஆஸ்பத்திரியோட நோயாளர் நலச் சங்கக் கூட்டத்துல தீர்மானம் போட்டு அவங்களையும் சேர்க்கலாம். நான் இருந்த இடத்துல சேர்த்தோம், தொகை சின்னதுதான்.

ஸ்டாஃப்நர்ஸ்_அக்கா
செல்வி, எங்க இடத்துல துப்புரவு அக்காங்களுக்கும் கொடுத்தோம், ஆனா எங்களைவிடக் கம்மி. ஏன் கம்மின்னு அப்ப யாரும் கேக்கல.

முறுக்குமீசை
பாருங்க, எல்லாம் கடைசியில காசுலதான் வந்து நிக்குது. விருதை ஒழிச்சுட்டு அந்தப் பணத்துல ஆளைப் போடுங்கப்பா.

ஸ்டாஃப்நர்ஸ்_அக்கா
3 லட்சத்துல எத்தனை டாக்டரைப் போடுவீங்க, மாசக் கணக்கு போட்டுச் சொல்லுங்க. விருதை ஒழிச்சா ஆள் வரமாட்டாங்க, செக்லிஸ்ட்டும் போயிரும், தாழ்ப்பாளும் உடைஞ்சா உடைஞ்சதுதான். முன்னறிவிப்பு இல்லாம வரட்டும், ராத்திரி வரட்டும், காலிப் பணியிடம் இருந்தா அதையும் பலகையில எழுதட்டும். அதுக்குச் சண்டை போடுங்க, நானும் வரேன்.

மட்டுறுத்துநர்
கட்சி பேர் சொல்லி வந்த ரெண்டு பின்னூட்டங்களை எடுத்தாச்சு. விஷயத்தோட நில்லுங்க.

பழைய_கம்பவுண்டர்
தாமரைக்குளம் அவர்களே, உங்கள் மருத்துவமனைக்கு எந்த வரியில் எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் கேட்டால் ஒற்றை எண்ணைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். மதிப்பீட்டுத் தாளின் நகல் முழுவதையும், மதிப்பீடு நடந்த தேதியையும் நேரத்தையும், அன்று இருந்த காலிப் பணியிட விவரத்தையும் கேளுங்கள்.

செல்வி_நெய்வேலி
25 சதவீதம் யார் யாருக்கு, எவ்வளவுன்னும் அதே மனுவுல கேளுங்கண்ணா. எங்கம்மா ஆஸ்பத்திரிக்கு நான் தனியா போடறேன்.

தாமரைக்குளம்
எழுதிட்டேன். ராத்திரி ட்யூட்டி ரோஸ்டர் மூணு மாசத்துக்கும் சேர்த்துக் கேட்டிருக்கேன். நாளைக்குத் தபால்ல போகுது.

முறுக்குமீசை
30 நாள் டைம் அவங்களுக்கு. பதில் வந்தா இங்கயே ஏத்துங்கண்ணே. தோட்டத்துக்கு எத்தனை மார்க்குன்னு நான் பார்த்தே ஆகணும்.